எப்.சி. சாமான்

அக்டோபர் 9, வியாழன்

தெய்வேந்திரன் பிரேக் இல்லாத ஜீப்பில் பெண்களை மலை ஏற்றி இறக்குகிறார். தெரிந்தேதான் செய்கிறார். இன்று காலை ஸ்டாண்டில் வைத்து நானே சொன்னேன். பெடல் பாதிக்கும் கீழே போகிறது, ரெண்டு தடவை அடித்தால்தான் பிடிக்கிறது என்றேன். பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"நிக்குதுல்ல? பெறகென்ன" என்றார்.

அவருக்கு எட்டு ஜீப். அதில் ஒன்றை ஓட்டுவது நான். எல்லாமே என் வயதை ஒட்டியவை. போடியிலிருந்து விடியற்காலை கிளம்பி, முந்தல் தாண்டி, மெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்க வேண்டும். சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு ஜீப்பில் பதினாறு பெண்கள். பத்துப் பேருக்கு மேல் உட்கார முடியாத வண்டி. இது செக்போஸ்ட்டில் நிற்பவருக்குத் தெரியும், தோட்டத்துக்காரருக்குத் தெரியும், ஆள் பிடிக்கும் ஏஜென்டுக்குத் தெரியும். தீபாவளிக்கு முன்னால் காய் எடுத்து முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர்கள் பேச்சு.

ஏறும்போது பெண்கள் முன்னால் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள், தூசி அடிக்காது என்று. இறங்கும்போது பின்னால் இடம் பிடிக்கச் சண்டை. பின்னால் இருந்தால் குதித்துவிடலாம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்துக்கு நகர்வார்கள்.

கலாராணி மட்டும் இறங்கும்போதும் முன்சீட்டில்தான் உட்காருகிறாள். அவளுக்கு வளைவுகளில் வாந்தி வரும். அதனால்தான்.

அக்டோபர் 10, வெள்ளி

பிரேக் ஆயில் டப்பா நிறைந்துதான் இருக்கிறது. நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் கை விட்டுத் தடவினேன். காய்ந்த மண்தான் வருகிறது, எங்கேயும் ஒழுகல் இல்லை. ஆயில் குறையாமல் பெடல் மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

அக்டோபர் 12, ஞாயிறு

லீவு. அபுதாகிர் பாய் பட்டறையில் ஜீப்பை விட்டேன். தெய்வேந்திரனின் எட்டு வண்டிக்கும் அவர்தான் மெக்கானிக். லைனுக்குள் காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சு மாதிரி ஆகும், முதலில் ஏர் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

நான் மேலே உட்கார்ந்து மிதித்தேன். பாய் கீழே படுத்து, இடது பின்சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு சக்கரமாக நிப்பிளைத் திறந்து மூடினார். "மிதி. பிடி. விட்ராத. ம், இப்ப விடு." அவர் வைத்திருந்த சோடா பாட்டிலுக்குள் முதலில் குமிழாக வந்தது. பிறகு ஆயில் மட்டும் வந்தது. சக்கர டிரம்முக்குள் இருக்கும் பிரேக் கட்டைகளையும் உரசும்வரை முறுக்கி, கொஞ்சம் தளர்த்தி வைத்தார். பெடல் மேலே வந்து நின்றது. மிதித்தால் கல்.

பாய் கை துடைத்துக்கொண்டு, கொஞ்ச நாள் ஓடும் என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கேட்டேன். வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்டோபர் 13, திங்கள்

ஒரு நாள்கூட ஓடவில்லை.

காலையில் ஏறும்போது நன்றாக இருந்தது. ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை? சாயங்காலம் இறங்கும்போது மூன்றாவது வளைவிலேயே தெரிந்துவிட்டது. மிதித்தால் பிடிக்கிறது. மிதித்த காலை அப்படியே வைத்திருந்தால் பெடல் மெதுவாக, யாரோ அடியில் இருந்து இழுப்பதுபோல, தரையை நோக்கி இறங்குகிறது. காலை எடுத்து மறுபடி அடித்தால் மறுபடி பிடிக்கிறது. மறுபடி இறங்குகிறது.

புலியூத்துக்கு மேலே உள்ள வளைவில் பஸ் ஏறி வந்தது. ரெண்டாவது கியரில்தான் இருந்தேன். மூன்று தடவை அடித்தேன். பஸ்ஸின் பம்பருக்கும் என் ஜீப்புக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம். பஸ் டிரைவர் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார். கொஞ்சம் கீழே வந்த பிறகு ஒச்சம்மா அத்தை கேட்டது.

"ஏப்பா பவுனு, வண்டி ஓட்றியா, தையல் மிசின் மிதிக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கவா என்று ஒருத்தி கேட்டாள். கலாராணி சிரிக்கவில்லை. அவள் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தெய்வேந்திரனின் இன்னொரு ஜீப்பை ஓட்டும் சிவனாண்டி இன்று மலைக்கு வரவில்லை. அவன் ஜீப்புக்கு எப்.சி. நாள், வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறது என்று ஆபீசில் காட்டிச் சான்று வாங்க வேண்டும். என் ஜீப்புக்குப் போன மாதமே வாங்கியாயிற்று.

அக்டோபர் 14, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஆட்களை இறக்கிவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். பாய் மறுபடி ஏர் எடுப்போம் என்றார். வேண்டாம் என்றேன். சக்கரத்துக்குப் போகும் மூன்று ரப்பர் குழாய்களையும் துணி சுற்றிப் பிடிகுறடால் நெருக்கச் சொன்னேன். குழாயை அடைத்துவிட்டால் ஆயில் சக்கரம்வரை போகவே முடியாது. பெடல் மேலேயே கல்லாக நின்றால் கோளாறு சக்கரத்தில். அப்போதும் இறங்கினால் கோளாறு மேலே, மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில். பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு ஞாபகம் இருக்கும் ஒன்றிரண்டில் இது ஒன்று.

பாய் முகம் கொடுக்காமல் நெருக்கினார். நான் மிதித்து அழுத்திப் பிடித்தேன். பெடல் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது.

டார்ச் அடித்து மாஸ்டர் சிலிண்டரைப் பார்த்தேன். துருவின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. போன மாதம் எப்.சி.க்கு இந்த ஜீப்பை ஓட்டிப்போனது நான்தான். அன்றைக்கு இந்த இடத்தில் இருந்தது பளபளவென்ற சாமான். ஆபீசர் தானே ஏறி ஓட்டினார், தானே மிதித்தார், திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு இந்த ஜீப்புக்கு பிரேக் இருந்தது.

பாயிடம் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"எப்.சி. சாமான்டா அது. டயரு மாதிரிதான். ஒரு செட்டு இருக்கு. எந்த வண்டிக்கு எப்.சி.யோ அதுல மாட்டி விடுவோம், முடிஞ்சதும் கழட்டுவோம். எல்லா ஓனரும் செய்றதுதான். ஒனக்குத் தெரியாதாக்கும்?"

டயர் தெரியும். எப்.சி.க்கு நல்ல டயர் மாட்டிப்போவதும் அன்று சாயங்காலமே கழற்றி மொட்டை டயரை மாட்டுவதும் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன மாதம் டயர் கழற்ற ஜாக்கி ஏற்றியதே நான்தான். ஜாக்கி ஏற்றி, விசில் அடித்துக்கொண்டே நட்டு கழற்றினேன். அதே நேரம் பாய் வண்டிக்கு அடியில் ஸ்பானரோடு படுத்திருந்தார். கிரீஸ் வைக்கிறார் என்று நினைத்தேன். டயரில் பழகிப்போன கண்ணுக்கு மற்றது தெரியவில்லை.

பழைய சிலிண்டருக்கு உள்ளே வாஷர் மாற்றினால் ஆகாதா என்று கேட்டேன். உள்சுவரே கோடு விழுந்துவிட்டது, எத்தனை வாஷர் போட்டாலும் தின்றுவிடும் என்றார். புதுசு வாங்க முதலாளி சம்மதிக்க மாட்டார். செட்டு இப்போது சிவனாண்டியின் ஜீப்பில் இருக்கிறது. அடுத்த எப்.சி. தீபாவளி கழித்துத்தான், அதுவரை கழற்ற வேண்டிய வேலை இல்லை, அவனுக்கு யோகம் என்றார்.

அக்டோபர் 15, புதன்

காலையில் ஏறும்போது ஒச்சம்மா அத்தை மறுபடி தையல் மிசின் பேச்சை எடுத்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது சிரிக்கிற விஷயம் இல்லை, மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, ஒரு வாரமாகவே அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

கலாராணி என் பக்கம் திரும்பினாள். எட்டாவது வரைக்கும் ஒரே வகுப்பு நாங்கள். அவள் பார்வை அப்போதும் இப்படித்தான் இருக்கும், கணக்குத் தப்பாகப் போட்டவனைப் பார்ப்பதுபோல.

"ஒரு வாரமாத் தெரியுமா?" என்றாள்.

முதலாளியிடம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன் என்றேன்.

"எங்ககிட்டச் சொன்னியா?"

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? ஏறாமல் இருந்திருப்பார்களா? ஒரு நாள் கூலி போனால் ஏஜென்ட் மறுநாள் வேறு ஆளை ஏற்றிவிடுவான். இதையெல்லாம் அவளுக்கு விளக்கமாகச் சொல்ல நினைத்தேன். வளைவு வந்துவிட்டது.

சாயங்காலம் அவள் என் வண்டிக்கு வரவில்லை. எப்.சி. முடித்த வண்டிக்கு பிரேக் நன்றாக இருக்கும் என்று ஏஜென்டிடம் சொல்லி சிவனாண்டி ஜீப்புக்கு மாறிக்கொண்டாளாம். நல்லதுதான். முன்சீட்டில் ஒச்சம்மா அத்தை உட்கார்ந்து வழிநெடுக வெற்றிலை துப்பியது.

இறங்கியதும் தெய்வேந்திரன் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சத்தம் போட்டேன். நாளைக்கு வண்டியை எடுக்க மாட்டேன், சாமான் மாற்றினால்தான் எடுப்பேன், செத்தால் பதில் யார் சொல்வது என்று கேட்டேன். அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவே இல்லை. என் தோளில் கை போட்டுத் தெருமுனை வரை கூட்டி வந்தார்.

"வண்டியப் பட்டறைல விட்டுட்டுப் போ. காலைல வந்து எடு. பிரேக்கு இருந்தாப் போதும்ல? பெறகு வாயத் தொறக்கப்படாது."

சரி என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

பெடல் கல்லு மாதிரி இருக்கிறது.

பாய் இல்லை. சாவி ஆணியில் தொங்கியது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பளபளவென்ற சிலிண்டர். நான் கேட்டது பிரேக். வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது டிரைவர் வேலை இல்லை. புதுசாகவே வாங்கியிருக்கலாம். தெய்வேந்திரனிடம் பணம் இல்லாமலா?

முந்தலில் டீ குடிக்க நின்றபோது சிவனாண்டி வந்தான். அவனும் நானும் ஒன்றாகத்தான் லைசென்ஸ் எடுத்தோம். டம்ளரை வாங்கி என் ஜீப் பம்பரில் வைத்தான்.

"மாப்ள, எம் பெடலு இன்னைக்கு திடீர்னு பஞ்சு மாதிரி எறங்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. என்னவா இருக்கும்?"

ஏர் எடுத்துப் பார் என்று சொன்னேன்.

அவன் தலையாட்டினான். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் விடுகிறேன் என்றான். அதற்குள் அவன் ஜீப்பிலிருந்து ஹாரன் அடித்தார்கள். சொல்வதற்கு வேறு எதுவும் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், நேரமாகிவிட்டது. பாண்டியம்மா அக்கா வெளியே தலையை நீட்டி, டீக்கடையிலேயே குடும்பம் நடத்துங்கள் என்று அவனைத் திட்டியது. கலாராணி முன்சீட்டில் இருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

இறங்கும்போது அவன் ஜீப்புக்குப் பின்னால் நான். பனி இறங்கியிருந்தது. ஜீப் தெரியவில்லை, பின்பக்கச் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. நல்ல பிரேக் இருக்கும் வண்டியில் வளைவுக்கு முன் விளக்கு ஒருமுறை எரியும், எரிந்தபடி நிற்கும். இது எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது. ஒவ்வொரு வளைவுக்கும். என் பழைய பெடல் பின்னால் வருகிறவனுக்கு இப்படித்தான் தெரிந்திருக்கும்.

பின்னால் வந்த நான் தேவையில்லாத இடத்தில் எல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். ஒச்சம்மா அத்தை, வண்டி சொகமா நிக்குதப்பா இன்னைக்கு என்று புகழ்ந்தது.

நாளைக்குக் காலையில் சிவனாண்டியிடம் முதல் கியரில் இறங்கச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. சிவனாண்டியின் ஜீப் மலைப்பக்கம் மோதிவிட்டது. பாண்டியம்மா அக்காவுக்கு இடுப்பில் அடி. கலாராணிக்கு ஒன்றும் இல்லை. இன்று வேறு எதுவும் எழுதப் போவதில்லை.

அக்டோபர் 18, சனி

தெய்வேந்திரன் கொலைகாரன். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நேற்று காலை சிவனாண்டி எனக்கு முன்பே கிளம்பிவிட்டான். அதனால் பார்க்க முடியவில்லை. மேலே தோட்டத்தில் ஜீப்புகள் தள்ளித் தள்ளி நிற்கும். மழை வேறு. சாயங்காலம் அவன் எனக்கு மூன்று வண்டி முன்னால் இறங்கினான். நான் போய்ச் சேர்ந்தபோது ஜீப் மலைப்பக்கச் சாக்கடைக்குள் மூக்கைக் குத்தி, பாறையில் சாய்ந்து நின்றது. பள்ளத்துப் பக்கம் போகாமல் இந்தப் பக்கம் ஒடித்துவிட்டான். அவன் கெட்டிக்காரன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தான். கை எடுக்கச் சொன்னால் எடுக்கவில்லை.

வண்டி நிற்காது என்று தெரிந்ததும் பின்னால் இருந்தவர்கள் குதித்திருக்கிறார்கள். ஓரத்தில் இருந்த பாண்டியம்மா அக்கா முதலில் குதித்தது. அதன் மேல் மற்றவர்கள். மழையில் ரோட்டில் கிடந்தது. தூக்குச்சட்டியிலிருந்த சோறு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. என் வண்டிப் பெண்களை இறக்கிவிட்டு, நாங்கள் நாலு பேர் தூக்கி என் ஜீப்பில் நீளவாக்கில் கிடத்தினோம். அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கலாராணி ஏறினாள். ஆஸ்பத்திரி வரைக்கும் என் ஜீப் எங்கேயும் வழுக்கவில்லை. மிதித்த இடத்தில் நின்றது. வளைவு ஒவ்வொன்றிலும் நின்று நின்று இறங்கியது. அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. நடக்க முடியுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அக்காவுக்கு ரெண்டு பெண் பிள்ளைகள். புருஷன் இல்லை.

ஸ்டேஷனில் தெய்வேந்திரன் எழுதிக் கொடுத்திருக்கிறார். வண்டி திங்கள்கிழமைதான் எப்.சி. ஆனது, பிரேக்கில் குறை இருக்க வாய்ப்பில்லை, டிரைவர் வேகமாக ஓட்டினார் என்று. எப்.சி. சான்று கையில் இருக்கிறது. யார் மறுக்க முடியும்? சிவனாண்டியை உட்கார வைத்துவிட்டார்கள். அவன் பெடல் இறங்குகிறது என்று சொல்லியிருக்கிறான். யாரிடம் சொன்னாய், எப்போது சொன்னாய் என்று கேட்டிருக்கிறார்கள். என் பெயரைச் சொன்னானாம்.

இந்த ஊரில் எட்டு ஜீப்புக்கு ஒரு பிரேக்தான் என்பது ஓனருக்குத் தெரியும், மெக்கானிக்குக்குத் தெரியும், டீக்கடைக்காரனுக்குத் தெரியும். எல்லோரும் சேர்ந்து அடுத்தவன் வண்டியில் சாவை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். ஒருத்தனுக்காவது வெட்கம் இருக்கிறதா?

மத்தியானம் தெய்வேந்திரன் போன் செய்தார். தீபாவளி கழித்து ஒரு வண்டி வாங்கப் போகிறாராம், ரெண்டு வருஷம் ஓடிய வண்டிதான், அதை எனக்கே கொடுக்கலாம் என்று இருக்கிறாராம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் கலாராணி வந்தாள். நேரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள், சேலையில் நேற்றைய சேறு. அம்மா உள்ளே வா என்றது. வரவில்லை. வாசலிலேயே நின்றாள். காலையில் பட்டறைக்குப் போனாளாம். அபுதாகிர் பாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் எந்த வண்டியிலிருந்து கழற்றினார், எந்த வண்டியில் மாட்டினார் என்று. ஆனால் அவர் மட்டும் தனியாக ஸ்டேஷனுக்கு வர மாட்டாராம். பவுன்ராஜ் வந்தால் நானும் வருகிறேன் என்றாராம்.

அது புதுச் சாமான் என்று நினைத்தேன், எங்கிருந்து வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சிவனாண்டி முந்தல்ல ஒங்கிட்ட வந்து கேட்டப்ப நான் முன்சீட்லதான் இருந்தேன். நீ சொன்னது எங் காதுல விழுந்துச்சு" என்றாள்.

தெய்வேந்திரன் செய்த அநியாயத்தை எடுத்துச் சொன்னேன். அவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டது இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் என்று சொன்னேன். அவள் நான் முடிக்கும்வரை நின்றாள். பிறகு, ஆட்டோ நிற்கிறது, பாய் அதில் உட்கார்ந்திருக்கிறார், வா என்றாள். பனியனோடு நின்றிருந்தேன். சட்டை போட்டு வருகிறேன் என்று உள்ளே வந்தேன்.

சட்டை போட்டுவிட்டேன். பொத்தான் எல்லாம் போட்டாயிற்று. இதை மட்டும் எழுதிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். நாளைக்கு எழுத நேரம் இருக்குமோ என்னவோ. ஆட்டோக்காரன் இன்ஜினை நிறுத்திவிட்டான். அம்மா அவளிடம் ஏதோ பேசுகிறது.

இப்போது கதவைத் தட்டுகிறாள்.

"பவுனு, வர்றியா? வரலேன்னா வரலேன்னு வாயால சொல்லு. சொல்லு."